1,300 வயதான புத்தம் புதுக் கோயில்

ஒரு விடுகதை போடட்டுமா, குழந்தைகளே?

வயது ஆயிரத்து முந்நூறுக்கு மேல். ஆனால் அதன் கூரையோ சுவரோ இருபது வயதைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்து மனையில் புதிதாகப் பிறக்கும். பிறந்ததும் பார்த்தால் பழையதைப் போலவே இருக்கும். அது என்ன?

விடை: இசே கோயில். ஜப்பானின் மியே மாநிலத்தில், இசே என்ற ஊரில் இருக்கிறது. ஷின்டோ என்பது ஜப்பானியரின் மிகப் பழைய வழிபாட்டு முறை. அந்த முறையைச் சேர்ந்த கோயில்களில் முதல் மரியாதை இசேவுக்குத்தான். இது ஒற்றைக் கோயில் அல்ல. பெரிதும் சிறிதுமாக 125 கோயில்கள் சேர்ந்த தொகுதி. அவற்றில் தலையாயவை இரண்டு. சூரிய தேவதை அமதெராசுவுக்கு நைக்கூ என்னும் உள்கோயில். உணவும் உடையும் உறைவிடமும் தரும் தெய்வமான தொயோஉகேவுக்கு கெக்கூ என்னும் வெளிக்கோயில்.

இவற்றை இருபது ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு புதிதாகக் கட்டுகிறார்கள். மூலக்கோயில் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவில் அருகருகே இரண்டு மனைகள் உண்டு. ஒன்றில் கோயில் நிற்கும், மற்றது காலியாக இருக்கும். முறை வரும்போது காலி மனையில் புதுக் கோயில் எழும்பும். ஓர் இரவில், விளக்குகளை அணைத்துவிட்டு, வெண்பட்டுத் திரையால் மறைத்து, தெய்வத்தைப் புதுக் கோயிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள். அதற்கு முன் ஒருவர் சேவல் கூவுவதுபோலக் குரல் கொடுப்பார். பிறகு பழைய கோயிலைப் பிரித்துவிடுவார்கள்.

நைக்கூவில் இது முதலில் நடந்தது 690-இல், ஜிட்டோ பேரரசியின் காலத்தில். கெக்கூவில் 692-இல். 62-ஆவது முறையாக 2013 அக்டோபரில் நடந்தது. அடுத்தது 2033-இல்.

கணக்கில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பீர்கள். 690 முதல் 2013 வரை 1,323 ஆண்டுகள். இருபதால் வகுத்தால் 66 வருகிறது. 62 என்றால் கணக்கு இடிக்கிறதே? சரியான கேள்வி. பதில் பின்னால் வரும், அதுவரை நினைவில் வைத்திருங்கள்.

வேலிக்கு உள்ளே என்ன இருக்கிறது?

நைக்கூவின் மூலக்கோயிலைச் சுற்றி நான்கு அடுக்கு மர வேலிகள். வழிபட வருகிறவர்கள் வாயிலில் தொங்கும் வெள்ளைத் திரைக்கு முன் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் கூரையின் மேல்பகுதி மட்டும் தெரியும்.

அப்படியானால் அந்தக் கட்டடத்தை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நாம் பார்ப்பது எப்படி? அதற்காகத்தான் 2012-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பெயர் செங்கூகான். கெக்கூ வளாகத்திலேயே, மகதாமா என்ற குளத்தின் கரையில் இருக்கிறது. வாருங்கள், உள்ளே போகலாம்.

நுழைந்தால் தச்சுக் கருவிகள், மரத்தை வெட்டிக் கொண்டுவரும் சடங்குகளை விளக்கும் காட்சிகள், இருபதில் ஒரு பங்கு அளவில் முழுக் கோயிலின் மாதிரி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். கடைசியில் கழுத்தை அண்ணாந்து பார்க்க வைக்கும் ஒன்று நிற்கிறது. கெக்கூ மூலக்கோயிலின் கிழக்குப் பக்கத்தில் கால் பகுதியை மட்டும் அசல் அளவிலேயே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மாதிரி என்றதும் அட்டையும் பிளாஸ்டிக்கும் நினைவுக்கு வந்தால் மறந்துவிடுங்கள். மரமும் புல்லும் உலோகமுமாக, நிஜக் கோயிலில் எது எப்படியோ இதிலும் அது அப்படியே.

கீழிருந்து மேலாகப் பார்ப்போம். தடித்த உருண்டைத் தூண்கள். சாயம் இல்லை, மெருகெண்ணெய் இல்லை, வெறும் மரம். தரைத்தளம் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி நிற்கிறது. அதைச் சுற்றித் திண்ணையும் கைப்பிடியும். சுவர் என்பது கிடைவாக்கில் அடுக்கிய கனத்த பலகைகள். தூணின் பக்கத்தில் நெடுகக் காடி வெட்டி, பலகையின் முனையை அதில் இறக்கியிருக்கிறார்கள்.

கட்டடத்தின் பக்கவாட்டில், சுவரைவிட்டுத் தள்ளி, தன்னந்தனியாக ஒரு பெரிய தூண் நிற்கிறதே, கவனித்தீர்களா? அது நேராக மேலே போய்க் கூரையின் முகட்டு உத்தரத்தைத் தாங்குகிறது. நிஜக் கோயிலில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்த முகட்டுத் தூண்களைப் பற்றிப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது.

மேலே பார்த்தால் புல் வேய்ந்த கூரை. கயா என்று சொல்லும் உயரமான புல்லைக் காயவைத்து, தடிமனாக அடுக்கிச் சீராக நறுக்கியிருக்கிறார்கள். ஓலையும் வைக்கோலும் மழையைத் தடுக்கும் அதே முறைதான். கூரை செங்குத்தாகச் சரிகிறது, தண்டுகள் எல்லாம் கீழ்நோக்கிப் படிந்திருக்கின்றன. மழைத்துளி ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்கு வழுக்கியபடியே இறவாரத்துக்கு வந்துவிடும். மேலே கொஞ்சம் நனையும், உள்ளே ஈரம் இறங்காது.

முகட்டின் இரு முனையிலும் இரண்டு மரக்கைகள் குறுக்காகப் பின்னி வானத்தை நோக்கி நீள்கின்றன. முகட்டின்மேல் வரிசையாக உருண்டைக் கட்டைகள். இந்த இரண்டையும் வைத்து நைக்கூவா கெக்கூவா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். நைக்கூவில் கட்டைகள் 10, மரக்கைகளின் நுனி கிடையாக வெட்டியிருக்கும். கெக்கூவில் கட்டைகள் 9, நுனி செங்குத்தாக வெட்டியிருக்கும்.

அரண்மனை மாதிரியும் இல்லை, கோபுரம் மாதிரியும் இல்லை, தானியக் களஞ்சியம் போல இருக்கிறதே என்று தோன்றுகிறதா? சரியாகத்தான் பிடித்தீர்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஜப்பானில் நெல்லைச் சேமிக்கத் தரையைவிட்டு உயர்த்திக் கட்டிய களஞ்சியங்களின் வடிவத்திலிருந்துதான் இது வந்தது என்கிறார்கள் கட்டடவியல் அறிஞர்கள். ஈரம் ஏறாது, அடியில் காற்று ஓடும், எலியும் எளிதில் ஏறாது.

தூண் எங்கே மக்கும்?

இப்போது அறிவியலுக்கு வருவோம். இசே கோயிலின் தூண்களுக்கு அடியில் கல் கிடையாது. குழி தோண்டி, தூணின் அடிப்பகுதியை மண்ணுக்குள்ளேயே நட்டுவிடுகிறார்கள். நம் வீட்டுப் பந்தலுக்குக் கால் நடுவதுபோலத்தான். மண்ணில் நட்ட மரம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மக்கும்.

ஆனால் ஏன் மக்குகிறது? மரம் தானாக மக்குவதில்லை. அதை யாரோ தின்கிறார்கள். கரையானை விடுங்கள், அதைவிடப் பெரிய தீனிக்காரர் பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாக மரத்துக்குள் நுழைந்து, நொதிகளைச் சுரந்து, மரத்தின் செல்லுலோசையும் லிக்னினையும் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும்.

பூஞ்சைக்கு மூன்று வேண்டும்: தின்ன மரம், ஈரம், காற்றிலுள்ள ஆக்சிஜன். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதன் பருப்பு வேகாது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. மரத்தை முழுக்கத் தண்ணீரில் அமுக்கி வைத்தாலும் ஆக்சிஜன் போதாமல் இந்தப் பூஞ்சைகள் திணறிவிடும். அதனால்தான் ஆற்றடியில் புதைந்த பழைய படகுகள்கூடச் சில இடங்களில் உருக்குலையாமல் கிடைக்கின்றன.

தூணில் எந்த இடத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும்? யோசியுங்கள். மேலே காற்று உண்டு, ஆனால் மரம் காய்ந்திருக்கும். மிக ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மண்ணும் காற்றும் சந்திக்கிற தரைமட்டத்தை ஒட்டிய பகுதியில் இரண்டும் தாராளம். வேலிக் கம்பமோ பந்தல் காலோ ஒடிந்து விழுந்தால் எங்கே ஒடிந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தரைமட்டத்தில்தான்.

இதற்கு ஜப்பானிலேயே அருமையான சான்று ஒன்று இருக்கிறது. நாரா பகுதியில் ஹோர்யூஜி என்ற புத்தர் கோயில் உண்டு. உலகில் இன்றும் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கேதான் இருக்கின்றன. இசேவில் பயன்படும் ஹினோக்கி மரமேதான் அங்கும். சைப்ரஸ் வகையைச் சேர்ந்த, நறுமண எண்ணெய் ஊறிய மரம் அது. அந்த எண்ணெய் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஆகாது. ஹோர்யூஜியின் ஐந்தடுக்கு கோபுரத்தின் நடுவே உச்சிவரை போகும் ஒரே நெடுந்தூண் இருக்கிறது. அதன் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தவர்கள், அந்த மரம் 594-ஆம் ஆண்டு வாக்கில் வெட்டப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பிறகும் தூண் திடமாக நிற்கிறது.

ஆனால் 1926-இல் அந்தத் தூணின் அடியில் ஒரு பொந்து இருப்பது தெரியவந்தது. முதலில் தூணின் அடியை மண்ணில் புதைத்து நட்டிருந்தார்கள். புதைந்த பகுதி மட்டும் மக்கிப் போய், வெற்றிடம் மிஞ்சியிருந்தது! ஒரே மரம், ஒரே தூண். மேலே இருந்த பகுதி 1,400 ஆண்டு தாங்கியது. மண்ணுக்குள் இருந்தது காணாமலே போனது.

ஹோர்யூஜியின் மற்றத் தூண்கள் கல்லின்மேல் நிற்கின்றன. ஆகவே, தூணுக்கு அடியில் கல் வைத்தால் நெடுங்காலம் நிற்கும் என்பது அந்தக் காலத்து ஜப்பானியருக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தேதான் இசேவில் பழைய முறையைக் கைவிடாமல் வைத்துக்கொண்டார்கள். மண்ணில் நட்ட தூண் மக்கட்டும், புல் கூரை நைந்து போகட்டும், அதற்குள் நாம் அடுத்ததைக் கட்டி முடித்துவிடுவோம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

ஏன் சரியாக இருபது ஆண்டு? 927-இல் தொகுத்து முடித்த எங்கிஷிகி என்ற சட்டநூல், இருபது ஆண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும் என்று விதிக்கிறது. காரணம் சொல்லவில்லை. புல் கூரையும் நட்ட தூணும் தாங்கும் காலம் அதுதான் என்பார்கள் சிலர். தச்சர்களின் ஆயுளோடு பொருந்தும் இடைவெளி என்பார்கள் வேறு சிலர். இரண்டாவதை யோசித்துப் பாருங்கள். இருபது வயதில் எடுபிடியாக வேலை கற்றவர், நாற்பது வயதில் முன்நின்று கட்டுவார், அறுபது வயதில் மேற்பார்வை பார்த்துக் கற்றுக்கொடுப்பார். நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்திருந்தால் ஒருமுறை கட்டியவர் எவருமே அடுத்த முறை இருக்கமாட்டார்.

மூன்று கால் மரமும் குளத்தில் ஊறும் கட்டையும்

இருபது ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும் வேலை எட்டு ஆண்டு முன்னதாகவே தொடங்கிவிடும். அறுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களைப் புதுப்பிக்கச் சுமார் 10,000 ஹினோக்கி மரங்கள் வேண்டும். முதல் மரங்களை வெட்டுவதே ஒரு திருவிழா. 2033-இல் முடியவேண்டிய வேலைக்கு, நாகானோ மாநிலத்தின் அகேமாட்சு மலைக்காட்டில் 2025 ஜூனிலேயே கோடாரி போட்டுவிட்டார்கள்.

ரம்பம் கிடையாது, கோடாரி மட்டும்தான். வெட்டுகிற முறையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். மரத்தின் அடியில் மூன்று பக்கத்திலிருந்து நடுவை நோக்கி வெட்டிக்கொண்டே போவார்கள். மூன்று குடைவுகளும் நடுவில் சந்தித்ததும், சுமார் 300 வயதான அந்தப் பெருமரம் மூன்று கால்களின்மேல் நிற்கும்! அடிமரத்துக்குள் இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். பிறகு மரம் விழவேண்டிய திசைக்கு எதிரே உள்ள காலை மட்டும் வெட்டுவார்கள். மற்ற இரண்டு கால்களும் கீலாக மாற, மரம் சொன்ன இடத்தில் சாயும்.

ஏன் இந்தப் பாடு? பெரிய மரத்தை ஒரே பக்கமாக வெட்டிக்கொண்டு போனால், அது சாயத் தொடங்கும்போது வெட்டுப்படாத நார்களில் பயங்கரமான இழுவிசை ஏறும். அடிமரம் நெடுக்குவாட்டில் பிளந்துவிடும். மரமும் பாழ், வெட்டுகிறவருக்கும் ஆபத்து. மூன்று கால் முறையில் நடுப்பகுதியை முதலிலேயே குடைந்துவிடுவதால் பிளவு மேலேறுவதில்லை. மரம் விழுந்ததும், அதன் நுனிக்கிளை ஒன்றை ஒடித்து அடிக்கட்டையின் நடுவில் நட்டு வைத்து வணங்குவார்கள்.

இசேவுக்கு வந்து சேர்ந்த கட்டைகளை அடுத்து என்ன செய்வார்கள் தெரியுமா? உலர்த்துவதற்காகக் குளத்தில் போடுவார்கள்! தவறாக அச்சடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

மரம் என்பது உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டியதுபோல, நெடுக ஓடும் நுண்குழாய்களால் ஆனது. வெட்டிய மரத்தின் குழாய்களில் தண்ணீரும் சர்க்கரையும் மற்றச் சாறுகளும் நிறைந்திருக்கும். அப்படியே வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்பக்கம் ஈரமாகவே உப்பியிருக்கும். வெளித்தோல் இறுக, உள்ளே இடம்கொடுக்காமல் முறுக்கிக்கொள்ள, மரம் வெடித்துவிடும். குளத்தில் ஊறும்போது உள்ளிருக்கும் சாறு மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைந்து வெளியேறும். பிறகு எடுத்து அறுத்து நிழலில் காயவிட்டால் ஈரம் சீராக வெளியேறும், வெடிப்பு குறையும். அது சரி, தண்ணீரில் கிடந்தால் மக்காதா? பூஞ்சைக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்தோமே! முழுக்க நீரில் மூழ்கிய மரத்தில் ஈரம் உண்டு, ஆக்சிஜன் போதாது. தரைமட்டத்தில் தூணைத் தின்கிற அதே பூஞ்சை குளத்தடியில் ஒன்றும் செய்யமுடியாமல் இருக்கும்.

காய்ந்த பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் வீட்டு மரக்கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரத்தை இழுத்து மரம் உப்பும், வறண்டால் சுருங்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மரம் அகலவாக்கில்தான் உப்பிச் சுருங்கும், நீளவாக்கில் மாற்றம் மிகமிகக் குறைவு. கோயில் சுவரில் பலகைகள் கிடையாக அடுக்கப்பட்டிருக்கின்றன, தூண்கள் செங்குத்தாக நிற்கின்றன. ஆண்டுகள் போகப் போகப் பலகைகள் சுருங்கிச் சுவரின் உயரம் கொஞ்சம் குறையும், தூணின் உயரம் அப்படியே இருக்கும். பலகையை ஆணியடித்து இறுக்கியிருந்தால் அது பிளந்திருக்கும். காடியில் இறக்கி வைத்திருப்பதால் நழுவி இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. அருங்காட்சியகத்தில் அந்தக் காடியைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

200 ஆண்டுத் திட்டம் போட்ட காடு

இருபது ஆண்டுக்கு ஒருமுறை 10,000 மரமா? காடு தீர்ந்துவிடாதா? உங்களுக்கு வந்த இதே கவலை அவர்களுக்கும் வந்தது.

தொடக்கத்தில் இசே மலைக்காடுகளிலேயே மரம் கிடைத்தது. பெரிய மரங்கள் தீர்ந்ததும் தூர தேசங்களைத் தேடிப் போனார்கள். கடைசியில் கிசோ மலைத்தொடருக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் மரங்களை வெட்டித் தள்ளிய காலம் ஒன்று உண்டு. அப்போது அந்தப் பகுதியை ஆண்ட ஓவாரி அரசு, ஹினோக்கியைத் திருட்டுத்தனமாக வெட்டினால் தலையை வெட்டுவோம் என்று சட்டம் போட்டது.

இசேயைச் சுற்றிய மலைகளோ, லட்சக்கணக்கில் வந்த யாத்திரிகர்களுக்குச் சமைக்க விறகு வெட்டி வெட்டியே மொட்டையாகிவிட்டன. மரமில்லாத மலை மழைநீரைப் பிடித்து வைக்காது. வெள்ளம் ஊருக்குள் வந்தது. 1923-இல் கோயில் நிர்வாகம் வனவியல் அறிஞர்களோடு உட்கார்ந்து ஒரு திட்டம் தீட்டியது. எத்தனை ஆண்டுக்கு? ஐந்தாண்டுத் திட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது 200 ஆண்டுத் திட்டம்.

சுமார் 5,500 ஹெக்டேர் காட்டில் ஹினோக்கி நட்டு வளர்க்கிறார்கள். நெஞ்சு உயரத்தில் அளந்தால் 60 சென்டிமீட்டர் விட்டம் வரவேண்டும் என்பது இலக்கு. நல்ல மரங்களைத் தேர்ந்து, அடையாளமாக அடிமரத்தில் வண்ண வளையம் பூசுகிறார்கள். மிகச் சிறந்தவற்றுக்கு இரட்டை வளையம். அவற்றுக்கு வெயில் கிடைப்பதற்காகப் பக்கத்து மரங்களை அவ்வப்போது களைந்துவிடுவார்கள். அகன்ற இலை மரங்களையும் ஊடே வளரவிடுகிறார்கள். அவற்றின் வேர்களும் சருகுகளும் மண்ணையும் நீரையும் பிடித்து வைக்கும்.

2013-இல் கட்டிய கோயிலுக்குத் தேவைப்பட்ட மரத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்தக் காட்டிலிருந்தே கிடைத்தது. ஏறத்தாழ 700 ஆண்டுக்குப் பிறகு இசேயின் காடு இசேயின் கோயிலுக்கு மரம் கொடுத்தது அப்போதுதான். திட்டம் பலிக்கத் தொடங்கிவிட்டது, முடிய இன்னும் நூறு ஆண்டு இருக்கிறது. 1923-இல் திட்டம் போட்டவர் எவரும் இப்போது இல்லை. இன்று கன்று நடுகிறவர்களும் அது தூணாவதைப் பார்க்கப்போவதில்லை.

வாள் பிடிக்கு வேண்டிய இறகு

கட்டடம் மட்டுமல்ல, தெய்வத்துக்குரிய பொருள்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்கிறார்கள். உடைகள், வாள்கள், வில், அம்பு, கண்ணாடிகள், தறிக் கருவிகள் என்று 714 வகைகளில் 1,576 பொருள்கள். ஒரு பொருள் எப்படிப் படிப்படியாக உருவாகிறது என்பதை அருங்காட்சியகத்தில் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறார்கள்.

அவற்றில் சுகாரி என்ற வாள் ஒன்று. அதன் பிடியை அலங்கரிக்க தோக்கி என்ற பறவையின் இறகு வேண்டும். கொண்டைவைத்த அரிவாள்மூக்கன் இனம். வெளிர்ச் சிவப்பு ஓடிய இறகு. அறிவியல் பெயர் நிப்போனியா நிப்போன். ஒரு காலத்தில் ஜப்பானின் வயல்களில் சர்வசாதாரணமாகத் திரிந்த பறவை. வேட்டையாடினார்கள், பிறகு பூச்சிமருந்து தெளித்தார்கள், ஈரநிலங்களும் சுருங்கின. 1981-இல் எஞ்சியிருந்த ஐந்தையும் காப்பதற்காகக் கூண்டில் சேர்த்தார்கள். பலனில்லை. ஜப்பானில் பிறந்த கடைசிப் பறவை 2003-இல் இறந்தது.

அதே 1981-இல் சீனாவின் ஷான்ஷி மாநிலத்தில் ஏழே ஏழு தோக்கிகள் உயிரோடு இருப்பது தெரியவந்தது. அந்த ஏழிலிருந்து இனத்தைப் பெருக்கினார்கள். 1999-இல் சீனா ஒரு ஜோடியை ஜப்பானுக்குப் பரிசளித்தது. சாதோ தீவில் அவை குஞ்சு பொரித்தன. 2008-இல் முதல் பறவைகளை வெளியே பறக்கவிட்டார்கள். தீவின் உழவர்கள் தோக்கிக்குத் தவளையும் பூச்சியும் கிடைப்பதற்காக வயலில் மருந்து தெளிப்பதைக் குறைத்தார்கள்.

இறகுக்காகப் பறவையைக் கொல்லவேண்டியதில்லை. ஆண்டுதோறும் பழைய இறகுகள் தாமாக உதிரும். ஆனால் உதிர்வதற்குப் பறவை இருக்கவேண்டுமே! வாள் செய்யும் கைத்திறனை எத்தனை கவனமாகக் கற்றுக்கொடுத்தாலும், வயலில் தோக்கி இல்லாவிட்டால் அந்த வாள் முழுமையாகாது. தூணுக்குக் காடு, கூரைக்குப் புல்வெளி, சாயத்துக்குச் செடி, பட்டுக்குப் புழு. அதே கோயிலை மறுபடி கட்டவேண்டுமானால் அதைச் சுற்றிய இயற்கையும் மறுபடி மறுபடி பிழைத்திருக்கவேண்டும்.

பழைய மரம் எங்கே போகிறது?

முகட்டுத் தூண்களின் கதை சொல்கிறேன் என்றேன் அல்லவா? நைக்கூவுக்குப் போகும் வழியில் இசுசு ஆற்றின்மேல் உஜி பாலம் இருக்கிறது. அதுவும் மரப்பாலம், அதையும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். பாலத்தின் இரு முனையிலும் தோரி எனப்படும் பெரிய மரத் தோரண வாயில்கள். பிரித்த கோயிலின் முகட்டுத் தூண்களை இழைத்துச் சீராக்கித்தான் அந்தத் தோரிகளைச் செய்கிறார்கள். கெக்கூவின் தூண்கள் பாலத்தின் வெளிமுனைக்கு, நைக்கூவின் தூண்கள் உள்முனைக்கு.

அங்கே இருபது ஆண்டு நின்ற பிறகு? வெளிமுனைத் தோரி குவானா என்ற ஊருக்கும், உள்முனைத் தோரி செகி என்ற ஊருக்கும் போகும். இரண்டும் பழைய யாத்திரைப் பாதையில் உள்ள ஊர்கள். அங்கே இன்னும் இருபது ஆண்டு. கூட்டிப் பாருங்கள்: ஒரே மரம் அறுபது ஆண்டு மூன்று இடத்தில் உழைக்கிறது. மற்ற மரங்கள் நாடெங்கும் உள்ள கோயில்களுக்குப் போகின்றன. 1995-இல் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது இகுதா கோயிலின் தோரி விழுந்தது. அதை மறுபடி நிறுத்த இசேயின் பழைய தூண்களைக் கொடுத்தார்கள்.

66-க்கும் 62-க்கும் நடுவே

இப்போது உங்கள் கணக்குக் கேள்வி. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் ஜப்பான் முழுக்கப் போர். மரம் வாங்கப் பணமில்லை, வழியெல்லாம் சண்டை. மூலக்கோயில் புதுப்பிப்பு 120 ஆண்டுக்கு மேல் நின்றுபோனது. ஆறு முறை விட்டுப்போயின என்று வையுங்கள். அப்படியானால் கணக்கு இன்னும் குறையவேண்டுமே என்று மடக்குவீர்கள். பழைய நாளில் 19 ஆண்டுக்கு ஒருமுறை நடந்த காலமும் உண்டு, அது கொஞ்சம் ஈடுகட்டியது.

ஒரு தலைமுறையில் மூன்று தடவை கட்டிப் பார்த்த தச்சர் மரபு, நூற்றிருபது ஆண்டு கைவிட்டுப் போனால் எத்தனை பெரிய இழப்பு! செய்ஜுன் என்ற துறவுப் பெண்மணி ஊர் ஊராகப் போய் நிதி திரட்டியதால் 1563-இல் கெக்கூ மீண்டும் எழுந்தது. 1585-இல் நைக்கூவும் கெக்கூவும் சேர்ந்தே புதுப்பிக்கப்பட்டன. எழுதி வைத்த குறிப்புகளும் இடையிடையே நடந்த சிறு வேலைகளும் கைகொடுத்திருக்கின்றன. ஆனாலும் இன்று நாம் பார்க்கும் கோயில் ஒவ்வோர் அங்குலமும் 690-இல் இருந்தது போலவே இருக்கிறது என்று அறிஞர்கள் சொல்வதில்லை. உலோக அணிகளும் நுணுக்கங்களும் காலத்துக்குக் காலம் கொஞ்சம் மாறியிருக்கின்றன. பிறகு உலகப் போர் முடிந்த கையோடு 1949-இல் நடக்கவேண்டியது 1953-க்குத் தள்ளிப்போனது.

அருங்காட்சியகத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 2017 அக்டோபரில் புயல்மழையில் வெள்ளம் புகுந்ததால் அதை மூடிவிட்டார்கள். சீராக்கி மீண்டும் திறந்தது 2019-இல். அறிவைப் பத்திரமாகப் பூட்டி வைக்கும் இடம் என்று எதுவும் இல்லை. கை, தாள், காடு, கட்டடம் என்று பல இடத்தில் பங்கிட்டு வைத்தால்தான் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஐஸ்கிரீம் மரக்குச்சிகள் மூன்று, மூடியுள்ள கண்ணாடிப் புட்டி, ஒரு மண்தொட்டி, கொஞ்சம் நூல், ஒரு கூழாங்கல்.

முதல் குச்சியை மழை படாத அலமாரியில் வையுங்கள். இரண்டாவதைத் தொட்டி மண்ணில் பாதி புதையுமாறு நட்டு, மண்ணை எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். மூன்றாவதைக் கூழாங்கல்லோடு சேர்த்துக் கட்டி, புட்டியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அமிழ்த்துங்கள். மூடியை இறுக மூடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிட்டுவிடும்.

மூன்று மாதம் கழித்து மூன்றையும் எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள், மெல்ல வளைத்துப் பாருங்கள். எது முதலில் ஒடிகிறது? எந்த இடத்தில் ஒடிகிறது? எதிலாவது வெள்ளை இழைகள் தெரிகின்றனவா? நட்ட அன்றே உங்கள் ஊகத்தைத் தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். முடிவு வேறு மாதிரி வந்தால் ஊகத்தை அழிக்காதீர்கள், ஏன் மாறியது என்று அடுத்த வரியில் எழுதுங்கள்.